எழுத்துக்குக் குறி சொல்ல வேண்டாம், வேரைச் சொல்லிக்கொடுங்கள்

தமிழில் அரபுப் பாடநூல் தயாரிக்கும் குழுவினருக்கும், வார இறுதி வகுப்புகள் நடத்தும் உஸ்தாதுமார்களுக்கும் ஆலிமாக்களுக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உங்கள் வகுப்புகளில் படித்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் கையில் ஓர் அட்டவணை இருக்கிறது. அரபியின் 28 எழுத்துகளும் ஒரு பக்கம், ஒவ்வொன்றுக்கும் ஒரு 'மூலப்பொருள்' மறுபக்கம். பா என்றால் வீடு, ஐன் என்றால் கண், மீம் என்றால் தண்ணீர், லாம் என்றால் கோல், இப்படிப் போகிறது. ஒரு சொல்லில் உள்ள எழுத்துகளின் பொருளைக் கூட்டினால் அந்தச் சொல்லின் உள்ளர்த்தம் கிடைத்துவிடுமாம். ஆலிம் என்ற சொல்லை ஐன், லாம், மீம் என்று பிரித்து, 'கண்ணால் கண்டு, கோலூன்றி நடந்து, தண்ணீராய்ப் பிறருக்குப் பயன்படுகிறவர்' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார் ஒருவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மூன்று எழுத்துகளைக் கொஞ்சம் இடம் மாற்றினால் அமல் வந்து நிற்கிறது: ஐன், மீம், லாம். எழுத்துகளின் கூட்டுத்தொகைதான் பொருள் என்றால் இல்ம் என்னும் அறிவும் அமல் என்னும் செயலும் ஒன்றே என்று ஆகிவிடும். அப்படி மட்டும் இருந்திருந்தால் ஊரில் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்!

அந்த அட்டவணையைப் பாடநூலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். எழுத்துக்கும் கருத்துக்கும் தொடர்பே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. அரபியில் அந்தத் தொடர்பு இருக்கிறது, பல மொழிகளில் பார்க்க முடியாத அளவுக்கு ஒழுங்காக இருக்கிறது. அது தனித்தனி எழுத்தில் இல்லை. மூன்று எழுத்து சேர்ந்த வேரில் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பக்கங்களை இந்த அட்டவணை பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் குறை.

மதரஸாவில் ஆலிம் படிப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குறை கிடையாது. அவர்கள் ஆரம்பத்திலேயே ஸர்ஃபு, அதாவது சொல் உருவாகும் விதத்தைச் சொல்லும் இலக்கணம், ஓதத் தொடங்கிவிடுகிறார்கள். ஃபஅல, யஃப்அலு என்று தலையை ஆட்டி ஆட்டி மனப்பாடம் செய்து, எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் பிரித்துக் காட்டும் பழக்கம் வந்துவிடும். வேலை முடிந்து, குடும்பத்தைப் பார்த்துவிட்டு, குர்ஆனைப் புரிந்து ஓத வேண்டும் என்று வகுப்புக்கு வருகிற பெரியவர்களுக்குத்தான் ஸர்ஃபு கடினம் என்று நாமே முடிவு செய்து, அதற்குப் பதிலாக இந்த அட்டவணையைக் கொடுத்துவிடுகிறோம். ஸர்ஃபு அவர்களுக்குக் கடினம் அல்ல. அவர்களுக்குத் தெரிந்த சொற்களிலிருந்து தொடங்கினால் முதல் வகுப்பிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

ஜீம், மீம், ஐன். ஒன்றுசேர்த்தல். இந்த ஒரு வேரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ, தொழுகிற ஜமாஅத், ஊர் நிர்வாகத்துக்கும் அதே ஜமாஅத், மார்க்க அறிஞர்கள் ஒருமித்துச் சொன்ன இஜ்மாஃ, பயணத்தில் இரண்டு நேரத் தொழுகையைச் சேர்த்து ஜம்உ செய்வது, கல்லூரிப் பெயர்ப் பலகையில் ஜாமிஆ. ஒரு பெரியவருக்கு இவை எல்லாம் பிறந்ததிலிருந்து தெரியும். ஒரே குடும்பம் என்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னதும் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் காஃப், வாவ், மீம். (தமிழ் எழுத்தில் எழுதுவதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது அடித்தொண்டைக் காஃப். கிதாபில் வருகிற மெல்லிய காஃப் அல்ல. இந்தச் சங்கடத்துக்குக் கடைசியில் வருகிறேன்.) நிற்றல் என்பது இந்த வேரின் கருத்து. தொழுகைக்கு முன் சொல்லும் இகாமத், எல்லாரும் எழுந்து நிற்கப்போகும் கியாமத் நாள், கஅபாவுக்குப் பக்கத்தில் இப்ராஹீம் நபி நின்ற இடமான மகாமு இப்ராஹீம், ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதும் முஸ்தகீம், அதாவது நேரானது. வளைகுடாவில் வேலை பார்த்தவர் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்த இகாமா அட்டையும் இதே வேர்தான். அந்த நாட்டில் தங்கி நிற்பதற்கான அனுமதி. இவ்வளவு ஏன், கலெக்டர் முகாமிட்டிருக்கிறார் என்று எழுதும் தமிழ்ப் பத்திரிகை நிருபர்கூட இந்த வேரைத்தான் பயன்படுத்துகிறார்.

நம் தாலுகா ஆபீசே அரபு வேர்களால் நிரம்பிக் கிடக்கிறது. மகசூல், தாசில்தார் இரண்டும் ஹா, ஸாத், லாம் என்ற வேரிலிருந்து வந்தவை. விளைந்து கையில் கிடைப்பது மகசூல். அதில் அரசுக்கு வரவேண்டியதைத் திரட்டுவது தஹ்ஸீல், அந்த வேலையைப் பார்ப்பவர் தாசில்தார். வசூல் காதுக்கு மகசூலின் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் உறவில்லை. அது வாவ், ஸாத், லாம்: போய்ச் சேர்தல். துபாயில் சிம் கார்டு வாங்கியவர்கள் எல்லாருக்கும் எடிசலாட் தெரியும். அது இத்திஸாலாத், தொடர்புகள். வசூலும் எடிசலாட்டும் ஒரு வேர் என்றால் முதலில் நம்ப மாட்டார்கள். வாவ் எங்கே போயிற்று என்பார்கள். அந்தக் கேள்விதான் பாடம். வாவ் அடுத்து வந்த தாவுக்குள் மறைந்து அழுத்தமாகிவிட்டது என்று காட்டினால் ஸர்ஃபில் பலரும் தடுக்கி விழுகிற இடத்தை அவர்கள் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுவார்கள். முன்சீப் கோர்ட்டின் முன்ஸிஃப், நூன் ஸாத் ஃபா, பாதி என்ற வேர். சரிபாதியாகப் பிரித்துக் கொடுப்பவர் நியாயம் செய்பவர் ஆனார்.

வேர் பாதிதான். மீதிப் பாதி வாய்பாடு, அதாவது வஸ்னு. வேர் எந்தக் கருத்து என்று சொல்லும். அந்தக் கருத்து ஆளா, இடமா, கருவியா, தொழிலா, நோயா என்று வாய்பாடு சொல்லும். மக்தப் எழுதும் இடம், மத்பக் சமைக்கும் இடம், மத்அம் சாப்பிடும் இடம். கப்பாஸ் ரொட்டி சுடுபவர், நஜ்ஜார் தச்சர், ஹத்தாத் கொல்லர், மூன்றும் நடு எழுத்து அழுந்தி வருகிற தொழில் வாய்பாடு. ஸுஆல் இருமல், ஸுகாம் சளி, ஸுதாஃ தலைவலி. ரியாத்தில் டிரைவராக இருந்த என் மாணவர் ஒருவர் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு, மருந்துக்கடை வாசலில் அந்த ஓசையில் ஒரு சொல் கேட்டால் ஏதோ நோய் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக. எழுத்து அட்டவணையை எத்தனை நாள் புரட்டினாலும் இந்த ஒரு ஊகத்தை அது கற்றுத்தராது.

வேருக்கும் கருத்துக்கும் உள்ள உறவை எவ்வளவு தூரம் நம்பலாம்? பாடநூல் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டிய இடம் இது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு ஃபாரிஸ் இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தார். 1004இல் ரய் நகரில் காலமான அவர், தம் அகராதியில் ஒவ்வொரு வேருக்கும் அடிப்படைக் கருத்து ஒன்றா, இரண்டா, அதற்கு மேலா என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டுத்தான் சொற்களுக்குப் போவார். ஐன் லாம் மீம் ஒரே கருத்து என்கிறார்: ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். அதனால்தான் அறிவும், அலாமத் என்னும் அடையாளமும், அலம் என்னும் கொடியும் ஓரிடத்தில் நிற்கின்றன. பா ரா காஃப் என்பதற்கு நிலைத்திருத்தல். ஒட்டகம் மண்டியிட்டு அமர்வது, நீர் தங்கும் பிர்கா, நாம் எதற்கெடுத்தாலும் கேட்கும் பரக்கத் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன.

ஆனால் எல்லா வேரும் இப்படி மடங்காது என்று அவருக்குத் தெரியும். இதயம் புரண்டுகொண்டே இருப்பதால் அதற்குக் கல்ப் என்று பெயர் வந்தது என்பது நம் பயான்களில், அதாவது மார்க்கச் சொற்பொழிவுகளில், அடிக்கடி வரும் செய்தி. இப்னு ஃபாரிஸ் அந்த வேருக்கு இரண்டு அடிப்படைகளைத் தருகிறார். ஒன்று, எந்தப் பொருளிலும் தூய்மையான, உயர்ந்த பகுதி; இதயம் அதில் சேர்கிறது. மற்றொன்று, ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திருப்புவது. ஜீம் மீம் லாமுக்கும் இரண்டு: திரண்டிருத்தல் ஒன்று, அழகு ஒன்று. ஒட்டகத்தின் பெயரான ஜமல் பருத்த உடலை வைத்து முதல் பக்கம் போகிறது, ஜமீல் இரண்டாவது பக்கம். இன்னும் பிடித்த இடம் அலிஃப் ஜீம் லாம். நாம் 'அஜல் வந்துவிட்டது' என்று சொல்கிறோமே, அந்த அஜல், ஆயுளின் தவணை. அதே எழுத்துகளில் காட்டு மாட்டு மந்தைக்கு ஒரு சொல், கழுத்து வலிக்கு ஒரு சொல், தண்ணீர் தேங்கும் தொட்டிக்கு ஒரு சொல். ஒன்றுக்கொன்று ஒட்டாத ஐந்து சொற்கள், ஒன்றை இன்னொன்றின் மேல் ஏற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம் என்று எழுதிவிட்டு அவர் மேலே போய்விடுகிறார். நம் காலத்து ஆள் யாராவது ஆயுளுக்கும் மாட்டு மந்தைக்கும் ஒரு தத்துவம் கட்டாமல் விட்டிருப்பாரா?

அவரும் சறுக்கிய இடம் உண்டு. அதையும் மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். ஸிராத், பாதை. விழுங்குதல் என்று பொருள்படும் வேரோடு அதைச் சேர்த்துவிடுகிறார். வழியில் போகிறவன், விழுங்கிய உணவு மறைவதுபோல் மறைந்துவிடுகிறானாம். படிக்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் ரோமானியர்கள் கல் பாவிய சாலைக்கு வைத்திருந்த லத்தீன் பெயரிலிருந்து கிரேக்கம், அரமேயம் வழியாக வந்தது என்பதுதான் இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. இது மேற்கத்தியர் கண்டுபிடித்த புதுமையும் அல்ல. ரோமர் மொழிச் சொல் என்று முன்னோர் சிலர் சொன்னதை 1505இல் காலமான மார்க்க அறிஞர் ஸுயூத்தியே பதிவு செய்திருக்கிறார். ஸிராத்தல் முஸ்தகீம் என்ற இரண்டு சொல்லில் முதலாவது வெளியிலிருந்து வந்து குடியேறியது, இரண்டாவது மண்ணின் வேர். குர்ஆனில் அயல்மொழிச் சொல் உண்டா என்ற விவாதத்தில் இமாம் ஷாஃபிஈ இல்லை என்றார். அபூ உபைத் என்ற பழைய அறிஞர், பிறப்பால் அயல்மொழி, ஆனால் அரபியர் நாவில் ஏறி அரபியாகிவிட்ட பிறகே குர்ஆன் அருளப்பட்டது, ஆக இரு தரப்பும் சரியே என்று சமாதானம் சொன்னார். இந்த விவாதத்தைக் கேட்டால் மாணவர்களின் ஈமான் ஆடிவிடாது. பயப்படாமல் சொல்லுங்கள்.

தமிழ் மாணவர்களுக்கு இதைவிடக் கிட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. மெல்லிய காஃப், ஃபா, ரா. மூடுதல், மறைத்தல். விதையை மண்ணால் மூடுவதால் உழவருக்கும் காஃபிர் என்ற சொல் பழைய அரபியில் உண்டு. அல்ஹதீத் அத்தியாயத்தில் குஃப்பார் என்பது உழவர்களைக் குறிப்பதாகவே பெரும்பாலான விரிவுரைகள் எடுத்துக்கொள்கின்றன. கஃப்பாரா பாவத்தை மூடுவது. பேரீச்சம் பாளையை மூடியிருக்கும் உறைக்குக் காஃபூர் என்று பெயர், அதுவும் இந்த வேர்தான். அகராதியில் அடுத்த வரியிலேயே இன்னொரு காஃபூர் இருக்கும். சொர்க்கத்துப் பானத்தில் கலந்திருப்பதாக 76ஆம் அத்தியாயம் சொல்லும் காஃபூர். அது கற்பூரம். சுமத்ரா, போர்னியோ காடுகளில் மரத்திலிருந்து எடுத்து, மலாய் மொழியில் காப்பூர் என்று பெயர் பெற்று, கடல் கடந்து வந்த சரக்கு. அதற்குப் பேர்போன சுமத்ராவின் பாரூஸ் துறைக்குப் பக்கத்தில் 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழுவுடையது. மரக்கலத்தில் வந்த கற்பூரத்தை 'மூடுதல்' என்ற வேருக்குள் திணித்து, அது நறுமணத்தை மூடி வைத்திருக்கிறது என்று விளக்கம் சொன்னால் கேட்பவர் தலையாட்டுவார். சரித்திரம் ஆட்டாது. அதே அத்தியாயத்தில் வரும் ஸன்ஜபீல் இஞ்சி. அது பாரசீகம் வழியாக அரபிக்குப் போனது. அதன் ஆதிமூலம் திராவிட மொழியின் இஞ்சிவேர் என்பது மொழியியலாளர் பலரும் ஏற்றது. அதில் அரபு வேர் தேடுகிறவர் கடைசியில் நம் வீட்டு இஞ்சியில் வந்துதான் நிற்பார்.

ஆகவே வேரைக் கற்பிக்கும்போது இரண்டு கோடுகளை வரைந்து கொடுங்கள். சொற்குடும்பம் தெளிவாகத் தெரிகிற இடம் ஒன்று. ஒரே எழுத்துகளில் தற்செயலாக வந்து சேர்ந்த சொற்கள் இருக்கிற இடம் இன்னொன்று. வெளியிலிருந்து வந்த சொல் குடியேறிய இடம் மூன்றாவது.

இனி எழுத்துக்கு வருகிறேன். தனி எழுத்தின் ஒலிக்கும் பொருளுக்கும் உறவு உண்டா என்று அரபு இலக்கண அறிஞர்கள் யோசிக்காமல் இல்லை. உங்கள் தரப்பில் யாராவது இப்னு ஜின்னியை மேற்கோள் காட்டுவீர்கள் என்று தெரியும், அதனால் நானே எடுத்துவிடுகிறேன். மோசூலில் பிறந்து 1002இல் பாக்தாதில் காலமானவர். கள்ம் என்று அழுத்தமான காஃபில் சொன்னால் காய்ந்ததைக் கடித்துத் தின்பது, முதல் எழுத்தைக் கரகரப்பான கா ஆக்கினால் வெள்ளரி, தர்பூசணி மாதிரி ஈரமானதைத் தின்பது. காய்ந்ததற்கு வறண்ட ஒலி, ஈரத்துக்கு மென்மையான ஒலி என்று காட்டுகிறார். சொல்லிப் பார்த்தால் வாயே சாட்சி சொல்லும். அதற்கும் மேலே போய், அடித்தொண்டைக் காஃப், வாவ், லாம் என்ற மூன்றை எப்படி இடம் மாற்றினாலும் வரும் ஆறு வரிசைகளிலும் வேகமும் அசைவும் ஓடுகிறது என்கிறார். மெல்லிய காஃப், லாம், மீம் வரிசைகளில் வலிமை. அதில் ஒரு வரிசை வழக்கில் இல்லை, மீதி ஐந்தையும் கலாம், கமால், மலிக் என்று கோத்துக் காட்டுகிறார். எவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசித்திருப்பார் என்று எனக்கு மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த அத்தியாயத்திலேயே, இது மொழி முழுவதும் செல்லும் என்று நாங்கள் வாதிடவில்லை என்று சொல்லிவிடுகிறார். மேற்கோள் காட்டும்போது அந்த வரியையும் சேர்த்துக் காட்டுங்கள்.

குர்ஆன் விரிவுரையாளரும் இலக்கண அறிஞருமான ஸமக்ஷரி இன்னொன்றைக் கவனித்தார். நூனும் ஃபாவும் முதல் இரண்டு எழுத்தாக வந்தால் வெளியேறுதல் என்ற கருத்து தென்படும் என்றார். கைவிட்டுப் போகும் செலவான நஃபகா, வெளியே வரும் மூச்சான நஃபஸ், ஊதுதல், ஊடுருவுதல், வெருண்டோடுதல். பத்துச் சொல் வரை பிரமாதமாகப் போகிறது. அப்புறம் நஃப்உ என்னும் பயன் வந்து நிற்கிறது. கடமைக்கு மேல் கூடுதலாகத் தொழும் நஃபில் தொழுகை வருகிறது. அதில் எது வெளியேறுகிறது? முயன்றால் ஏதாவது சொல்லிவிடலாம், அதுதான் இந்த வழியின் ஆபத்தும். எதற்கும் ஏதாவது சொல்லிவிடலாம் என்றால் எதையும் சொல்லவில்லை என்றுதான் கணக்கு.

பெயருக்கும் பொருளுக்கும் இயற்கையான பொருத்தம் உண்டு என்று நம்பிய ஒருவரைச் சோதித்த கதையை ஸுயூத்தி சொல்கிறார். பாரசீகத்தில் கல்லைக் குறிக்கும் ஒரு சொல்லை, அத்காக் என்பதை, அவரிடம் சொல்லிப் பொருள் கேட்டார்கள். 'இதில் கடுமையான வறட்சி தெரிகிறது. கல்லாக இருக்கும் என்று நினைக்கிறேன்' என்றாராம். சரியாகச் சொல்லிவிட்டார்! ஆனாலும் அறிஞர்கள் அசையவில்லை. ஒலியே பொருளைத் தரும் என்றால் எல்லாருக்கும் எல்லா மொழியும் புரிந்திருக்க வேண்டும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஜவ்ன் என்று ஒரே சொல் எப்படி வந்தது என்றும் கேட்டார்கள். தொல்காப்பியர் இந்தச் சங்கதியை 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று ஒரே அடியில் முடித்துவிட்டார். காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை, பார்த்த மாத்திரத்தில் தெரியாது என்றார்.

எழுத்தின் வடிவத்தை வைத்து விளக்கம் சொல்வதற்கு இந்த அளவு மரியாதைகூடக் கொடுக்க முடியவில்லை. ஐன் கண், பா வீடு என்ற செய்தியில் உண்மை இருக்கிறது. ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முன் சினாய், எகிப்து பக்கத்தில் செமிட்டிய மொழி பேசியவர்கள் மாட்டுத் தலையை வரைந்து, மாட்டின் பெயரின் முதல் ஒலிக்கு அதை எழுத்தாக்கினார்கள். கண்ணை வரைந்து ஐன், வீட்டை வரைந்து பா. படம் ஒலியைக் காட்டத்தான். அணில் படத்தைக் காட்டி அ சொல்லிக்கொடுக்கிறோம், அதற்காக அம்மா என்ற சொல்லுக்குள் அணில் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நபத்தேயர் எழுத்து வழியாக அரபிக்கு வந்து சேர்வதற்குள் வடிவங்கள் தேய்ந்து, சொல்லின் நடுவில் பாவும் தாவும் ஸாவும் நூனும் யாவும் ஒரே பல்லாகிவிட்டன. பிரித்துக் காட்டப் புள்ளி வந்தது. புள்ளி வைத்து எழுதிய, தேதியுள்ள மிகப் பழைய அரபு ஆவணங்களில் ஒன்று இன்று வியன்னாவில் இருக்கிறது. ஹிஜ்ரி 22, கி.பி. 643. எகிப்தில் படையினருக்காக ஆடுகள் வாங்கியதற்கான ரசீது. அந்தப் புள்ளியில் ரகசியம் தேடுகிறவர்கள் ஆட்டுக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நம் முன்னோர்களே இதற்குச் சாட்சி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபுத்தமிழ், அதாவது அரபு எழுத்தில் தமிழ், எழுதியவர்கள் ழ, ள, ண, ங என்று அரபியில் இல்லாத ஒலிகளுக்கு என்ன செய்தார்கள்? இருக்கிற அரபு எழுத்தில் புள்ளியைக் கூட்டிப் புது எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியவர்கள் மார்க்க நூல்களையே அப்படி எழுதினார்கள். வடிவத்தில் மூலப்பொருள் உறைந்திருக்கிறது என்று அவர்கள் நினைத்திருந்தால் இவ்வளவு துணிச்சலாகப் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். நம் ழகரத்துக்கு உங்கள் அட்டவணை என்ன பொருள் போடும் என்று தெரிந்துகொள்ள ஆசை.

சூஃபிப் பாவலர்கள் அலிஃபையும் மீமையும் வைத்துப் பாடியதை நான் குறை சொல்லவில்லை. அது ஞானம், பாட்டு. இலக்கண வகுப்பு அல்ல. அலிஃப் லாம் மீம் போல 29 அத்தியாயங்களின் தொடக்கத்தில் வரும் தனி எழுத்துகளுக்கு, அல்லாஹ்வே அறிவான் என்று நம் தர்ஜமாக்கள், அதாவது குர்ஆன் மொழிபெயர்ப்புகள், அடக்கமாக நிறுத்திக்கொள்கின்றன. ஆட்டோக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் 786 பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்கான எண் மதிப்பைக் கூட்டியது. எண் வேறு, பொருள் வேறு. அதையும் இதையும் ஒரே பாடத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

சரி, அட்டவணையை எடுத்த இடத்தில் என்ன வைப்பது? மக்ரஜ். எழுத்து பிறக்கும் இடம். தஜ்வீத் என்னும் குர்ஆன் உச்சரிப்பு முறையை ஓதிய எல்லாருக்கும் தெரிந்த பாடம். எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் கலீல் இப்னு அஹ்மத் தம் அகராதியை அலிஃபிலிருந்து தொடங்கவில்லை. தொண்டையின் அடியிலிருந்து உதடு வரை எழுத்துகளை வரிசைப்படுத்தி ஐனில் தொடங்கினார். மூன்று எழுத்தை ஆறு விதமாக, நான்கை 24 விதமாக, ஐந்தை 120 விதமாக மாற்றிப் பார்த்து, எது வழக்கில் உண்டு, எது இல்லை என்று குறித்தார். ஐனும், அஹ்மதில் வரும் அழுத்தமான ஹாவும் பிறப்பிடம் நெருக்கமானவை, ஒரே வேரில் சேர்ந்து வராது என்று கண்டார். ரா, லாம், நூன், ஃபா, பா, மீம் ஆறில் ஒன்றுகூட இல்லாமல் நான்கைந்து எழுத்துச் சொல் வந்தால் அது அரபியாக இருக்காது என்று சந்தேகப்படச் சொன்னார். 1950இல் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க மொழியியலாளர் அரபு வினை வேர்களை எண்ணிப் பார்த்தபோது, ஒரே இடத்தில் பிறக்கும் எழுத்துகள் ஒரே வேரில் ஒன்றையொன்று தவிர்ப்பது பொதுவாகவே தெரிந்தது. எழுத்துக்கும் வேருக்கும் உள்ள உறவு இதுதான், சரிபார்க்கக்கூடியது. மாணவர் தாமே அகராதியைத் திறந்து ஐனுக்குப் பக்கத்தில் அந்த அழுத்தமான ஹா வரும் வேர் இருக்கிறதா என்று தேடலாம். இல்லை என்று கண்டதும் வருகிற உற்சாகம் எந்த உள்ளர்த்தத்திலும் வராது.

அகராதியைத் திறக்கவும் சொல்லிக்கொடுங்கள். ஹான்ஸ் வேர் என்ற ஜெர்மானியர் தொகுத்து 1952இல் வெளிவந்த அகராதிதான் இன்றும் பலர் மேசையில் இருக்கிறது. பெயரிலேயே வேர் உள்ள அந்த மனிதர் சொற்களை வேர் வரிசையில்தான் அடுக்கியிருக்கிறார். முஸ்தஷ்ஃபா என்ற மருத்துவமனையை மீமில் தேடினால் கிடைக்காது, ஷீன் ஃபா யாவுக்குப் போக வேண்டும், ஷிஃபா அங்கேதான் இருக்கிறது. வாரம் ஐந்து சொல் கொடுத்து வேரைக் கண்டுபிடித்து வரச் சொன்னால் போதும்.

கடைசியாக, முன்பு சொன்ன சங்கடம். தயவுசெய்து வேரைத் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சிடாதீர்கள். தமிழில் இரண்டு காஃபும் ஒன்று, ஸீனும் ஸாதும் ஸாவும் ஒன்று, இரண்டு ஹாவும் ஒன்று. கல்பு என்று எழுதினால் இதயமா நாயா என்று தெரியாது. இந்த மடலில் எனக்கு வேறு வழியில்லை, அடித்தொண்டை, மெல்லியது என்று சொல்லிச் சமாளித்தேன். பாடநூலுக்கு அந்த நெருக்கடி இல்லை. வேரை எப்போதும் அரபு எழுத்தில், மூன்றையும் சேர்க்காமல் தனித்தனியாக, கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். தமிழ் ஒலிபெயர்ப்பு அதன் கீழே சின்னதாக இருக்கட்டும்.

அடுத்த பதிப்புக்கான வேலை நடப்பதாகக் கேள்விப்பட்டேன். தமிழ்நாட்டு வழக்கிலும் வளைகுடா வழக்கிலும் நம்மவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த அரபுச் சொற்களை வேர்வாரியாகத் தொகுத்து, எது குடும்பம், எது ஒட்டாதது, எது வெளியிலிருந்து வந்தது என்று குறித்து வகுப்புக்காக வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன், பெயர் போட வேண்டாம். அச்சுக்குப் போவதற்கு முன் ஸர்ஃபு நன்றாகத் தெரிந்த ஒரு ஹஜ்ரத்திடம் அதையும் கொடுத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.

மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு அரபு சொல்லிக்கொடுக்கும் ஒருவன்